சைக்கிளை விட்டு இறங்கியவர்கள்

கெடாவில் சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. பேச்சுப் போட்டி. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்' என்று கணீரென்று தொடங்கினாள். நடுவில் ஒரு சொல் நழுவியது. திரும்ப வணக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். திரும்ப அதே இடத்தில் நின்றாள். கீழே வந்தவளிடம், "தெரிஞ்சதைச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "டீச்சர் எழுதிக் கொடுத்ததைத்தானே சார் சொல்லணும்?" என்றாள்.

உலகத் தரக் கல்வி என்றால் சி.இ.எஃப்.ஆர். மொழித்திறன் அளவுகோல், எஸ்.பி.எம். பேச்சுத் தேர்வு என்றெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளையின் பதில்தான் மனதை விட்டுப் போகவில்லை.

அதன் வேர் ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறது. அங்கே நம் பாட்டன்மார் எப்போது வாய் திறந்தார்கள்? விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் குரல் கொடுக்க. மற்றபடி அவர்களுக்காக மேற்பார்வை பார்க்கும் தண்டல் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் பேசுவார், கிராணி வெள்ளைக்காரத் துரையிடம் பேசுவார். எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இந்த இறங்கும் வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். கூலிக்குச் சமமாக அதையும் வைத்தார்கள் என்றால் அது எவ்வளவு உறுத்தியிருக்கும்!

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களில் சட்டம் வந்தது. பல தோட்டங்களில் வாத்தியார் யார்? கிராணி, இல்லையென்றால் கங்காணி. பெரட்டில் பேர் கூப்பிட்ட குரலே வகுப்பிலும். அந்தக் குரலுக்கு முன்னால் ஒப்பிக்கலாம், பேச முடியுமா?

மேடைக் கூச்சம் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வரும், பயிற்சியில் போய்விடும் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது கூச்சத்தைப் பற்றியதல்ல.

இதே கெடாவில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. போர் முடிந்த கையோடு பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. பால்மரம் சீவிய இளைஞர்கள் அணிவகுத்தார்கள், கள்ளுக்கடை வாசலில் நின்று குடிக்க வந்தவர்களைத் தடுத்தார்கள். 1947-இல் போலீஸ் தலையிட்டு அது இரத்தத்தில் முடிந்தது. அவர்களுக்கு யாரும் பேச்சு எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

நம்மைவிடக் குரல் இழந்தவர்கள் இதே கெடாவில் பாலிங் பக்கம் இருக்கிறார்கள். கம்போங் லுபோக் லெகோங்கில் வாழும் கென்சியு பூர்வக்குடியினர், சில நூறு பேர். அவர்கள் மொழி மலாயோடு உறவில்லாதது. மோன்-கெமர் மொழிகளின் வழி வந்தது. அவசரகாலத்தில், 1954-இல், வெள்ளையர் ஆட்சி போட்ட பூர்வக்குடிச் சட்டம் இன்றும் உண்டு. பரம்பரைத் தலைவரையும் அமைச்சர் உறுதிசெய்தாக வேண்டும் என்கிறது அது. ஒரு கூட்டத்துக்காகப் பேசுகிறவரை வெளியிலிருந்து ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்! நம் பிள்ளைக்காவது ஆறு வருடம் தாய்மொழி வகுப்பு இருக்கிறது. கென்சியு பிள்ளை முதல் நாளே மலாய் வகுப்பில் உட்காருகிறது.

நம் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சனம் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணித் தாமான்களுக்குப் போய்விட்டது. துரையும் போய்விட்டார். எழுதிக் கொடுத்த தாள் மட்டும் கூடவே வந்திருக்கிறது. பன்னாட்டுப் பள்ளிகளின் விளம்பரங்களில் 'தன்னம்பிக்கையோடு பேசும் பிள்ளை' சிரிக்கிறது. மேடையில் அதுவும் ஒப்பித்ததை நான் கேட்டிருக்கிறேன், ஆங்கிலத்தில்.

இன்னொரு போட்டியில் ஒரு நடுவர், பேசி முடித்த பையனை நிறுத்தி, "உங்க வீட்டு வாசல்ல என்ன மரம் தம்பி?" என்று கேட்டார். "ரம்புத்தான் சார். போன வருசம் காய்க்கல. வெட்டச் சொன்னாங்க, பாட்டி விடல" என்று தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. மண்டபமே சிரித்தது. நடுவர் பேனாவை எடுத்து மதிப்பெண் தாளைப் பார்த்தார். அதற்குக் கட்டம் இல்லை.