பள்ளிக்கூடத்துக்குப் போன புடவை

கல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெண் குழந்தை இருந்தால், வருஷத்துக்கு ஒரு நாள் உடைப் பஞ்சாயத்து நிச்சயம் உண்டு. தை அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறைப் பஞ்சமிதான் அந்த நாள். நாம் நவராத்திரியில் செய்கிற சரஸ்வதி பூஜையை வங்காளிகள் அன்று செய்கிறார்கள். பள்ளிக்கூடங்களிலேயே சிலை வைத்துப் புஷ்பாஞ்சலி நடக்கும். பூஜை முடியும்வரை பிள்ளைகள் இலந்தைப் பழத்தைத் தொடமாட்டார்கள். அன்றைக்குச் சீருடை கிடையாது. பையன்கள் 'பஞ்சாபி' என்று இங்கே சொல்லும் ஜிப்பாவில் வருவார்கள். பெண் பிள்ளைகள் மஞ்சள் புடவையில் வருவார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடக் கடையில் தைத்த குட்டிப் புடவை கிடைக்கும்.

1989-இல் என் மகள் எட்டாம் வகுப்பு. 'பாரம்பரிய உடையில் வரவும்' என்று பள்ளியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். "எல்லாரும் புடவைதாம்மா கட்டிண்டு வருவா" என்று அவள் கெஞ்சினாள். நான் விடவில்லை. கும்பகோணத்தில் நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணியில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆசையாகப் பட்டுப் பாவாடை, தாவணி உடுத்தி அனுப்பினேன். வாசலில் ஓர் ஆசிரியை, "இது பாதிப் புடவைதானே, மீதி எங்கே?" என்று கேட்டாராம். சுற்றிலும் சிரிப்பு. அதற்குப் பிறகு என் மகள் தாவணியைத் தொடவே இல்லை. அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது, கொஞ்சம் தாமதமாக, எழுதுகிறேன்.

முதலில் தாவணி. அது பாதிப் புடவை அல்ல. சின்னப் பெண்ணுக்குப் பாவாடை சட்டை, வயது வந்தவளுக்குப் பாவாடை தாவணி, கல்யாணமானவளுக்குப் புடவை என்று நம் பக்கத்தில் படிப்படியாக வைத்திருந்தார்கள். சுமார் இரண்டரை மீட்டர்த் துணி. ஒரு முனையை இடுப்பில் செருகி, சுற்றி வந்து, மறுமுனையை இடது தோளில் போடுவது. ஆந்திரத்தில் இதையே லங்கா வோணி என்கிறார்கள். ஆகவே அது தனி உடை, முழு உடை.

இனி அந்த 'முழுப் புடவை'யின் கதை. பழைய வங்காளத்து அந்தப்புரங்களில் பெண்கள் ரவிக்கையோ உள்பாவாடையோ இல்லாமல் ஒற்றைப் புடவையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் அது போதும். வெளியே போக முடியாது. 1849-இல் இந்நகரில் பெதூன் பெண்கள் பள்ளி தொடங்கியது. பெண் படி தாண்ட வேண்டிய காலம் வந்ததும், எதை உடுத்திக்கொண்டு தாண்டுவது என்ற கேள்வியும் வந்தது.

அதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் ஞானதானந்தினி தேவி, ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி. அவர் கணவர் சத்யேந்திரநாத், ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். உத்தியோக நிமித்தம் 1860-களில் பம்பாய் போன அம்மையார், அங்கே பார்சிப் பெண்கள் புடவை உடுத்தும் விதத்தைக் கண்டார். அதைத் தழுவி, ரவிக்கை, உள்பாவாடையோடு, முந்தானை இடது தோளில் விழும்படி ஒரு முறையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். பிரம்ம சமாஜப் பெண்கள் அதை விரும்பி ஏற்றதால் 'பிரம்மிகா புடவை' என்றே பெயராயிற்று.

ஆக, என் மகளைப் பார்த்துச் சிரித்தார்களே, அந்தப் புடவைக்கட்டும் பம்பாயிலிருந்து வந்து சேர்ந்ததுதான். பெண் வெளியே போக, படிக்க என்று அமைத்துக்கொண்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமைதான். பாரம்பரியம் பூட்டி வைத்த பெட்டி இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நம் ஊரிலும் இதே கதைதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தாவணிச் சீருடை போய், பஞ்சாபிலிருந்து வந்த சல்வார் கமீஸ் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. சைக்கிள் மிதிக்கவும் ஓடி ஆடவும் சௌகரியம். ஊருக்குப் போனபோது நானும் முதலில் முகம் சுளித்தேன். பிறகு தோன்றியது: தாவணியைப் பார்த்து அந்த ஆசிரியை செய்ததைத்தானே நானும் செய்கிறேன்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று என் மகள் கேட்ட மஞ்சள் புடவையை நான் தந்திருக்கலாம். பிறந்து வளர்ந்த ஊரின் வழக்கமும் அவளுக்குப் பாரம்பரியம்தான். அவளுக்கும் சேர்த்து நானே முடிவு செய்தது என் தப்பு.

இப்போது பேத்தி ஏழாம் வகுப்பு. போன பூஜைக்கு இரண்டையும் எடுத்து வைத்து, இந்தக் கதையையும் சொன்னேன். "இந்த வருஷம் புடவை, அடுத்த வருஷம் தாவணி. யாராவது பாதின்னு சொன்னா நானே பதில் சொல்லிக்கறேன் பாட்டி" என்றாள். மஞ்சள் புடவைக்குக் கொசுவம் வைத்து ஊக்கு குத்திவிட்டவள் என் மகள்தான்.

சங்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த நாளில் குழந்தைக்கு எதை உடுத்தினாலும், அதன் கதையையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்லிக்கொள்வாள்.