முகத்தில் தாமே ஊசி போட்டுக்கொள்வதன் அபாயம்

முகச்சுருக்கத்தை நீக்கவும் உதட்டைப் பருமனாக்கவும் மருத்துவர்கள் இருவகைப் பொருள்களை ஊசி மூலம் செலுத்துகின்றனர். ஒன்று, தோலின் அடியில் தங்கிப் பள்ளத்தை நிரப்பும் ஹையலூரானிக் அமிலக் கூழ். மற்றொன்று, தசையைத் தளர்த்தும் பொட்டுலினம் நச்சு. இவற்றை இணையத்தின் வழியாக வாங்கி, செய்முறைப் படங்களைப் பார்த்து, கண்ணாடியின் முன் நின்று தாமே போட்டுக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாடுகளில் காணப்படுகிறது. ஊசி புதியது, மருந்தும் தூயது. ஆகவே ஆபத்தில்லை என்பது இவர்களது எண்ணம். இவ்வெண்ணம் தவறானது என்பதை முகத்தின் அமைப்பே உணர்த்தும்.

முகத் தமனி தாடை எலும்பின் ஓரமாக மேலேறி, உதட்டிற்கும் மூக்கிற்கும் கிளைகளை அனுப்பி, கண்ணின் உள்மூலையருகே கண் தமனியின் கிளைகளோடு இணைகிறது. ஊசியின் நுனி இவற்றுள் ஒன்றில் புகுந்திருப்பின், கையின் அழுத்தத்தால் கூழ் இரத்த ஓட்டத்திற்கு எதிராகப் பின்னோக்கிச் செல்லும். அழுத்தம் நின்றதும், இரத்தம் அதனை விழித்திரையின் நுண்ணிய குழாய்களுக்குள் கொண்டுபோய் அடைத்துவிடும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இரத்தம் பெறாத விழித்திரை மீள்வது அரிது. தோலுக்குச் செல்லும் தமனி அடைபட்டால், அவ்விடம் வெளிறி, நீலம் பாய்ந்து, இறுதியில் அழியும். ஹையலூரானிடேஸ் என்னும் நொதி இக்கூழைக் கரைக்க வல்லது. எனினும் அதனைக் காலந்தாழ்த்தாது செலுத்தத் தேர்ந்த மருத்துவர் வேண்டும். சிலர் பயன்படுத்தும் சிலிக்கோன் எண்ணெயைக் கரைக்கவோ மருந்து இல்லை.

பொட்டுலினம் நச்சு, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் தூண்டுதலைத் தடுக்கிறது. இதில் அளவே உயிர்நாடி. குப்பியின் தோற்றம் அதன் செறிவைக் காட்டாது. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், உரிமம் பெறாத, செறிவு மிக்க நச்சு செலுத்தப்பட்ட நால்வர் தசைகள் செயலிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது நிகழ்ந்தது வீட்டில் அன்று; ஒரு மருத்துவ நிலையத்தில் ஆகும். எதிர்நச்சு மேலும் கேடு பரவாமல் தடுக்குமேயன்றி, செயலிழந்த தசையை உடனே மீட்காது.

ஊசியின்றிக் காற்றழுத்தத்தால் கூழைச் செலுத்தும் பேனாக்களும் பாதுகாப்பானவை அல்ல. இவற்றைப் பயன்படுத்த வேண்டாமென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் எச்சரித்தது.

கள ஊழியரும் ஆசிரியரும் சில அறிகுறிகளை நினைவிற்கொள்ளுதல் நலம். ஊசி போட்டபின் கடும் வலி, தோல் வெளிறுதல், வலைபோன்ற நீலத்திட்டு, பார்வை மங்கல் ஆகியவை அடைப்பைக் குறிக்கும். இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, விழுங்குவதில் தடை, மூச்சுத்திணறல் ஆகியவை நச்சுப் பரவலைக் குறிக்கும். இவை சில நாட்கள் கழித்தும் தோன்றலாம். இவற்றுள் எது தோன்றினும் பாதிக்கப்பட்டவரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புக. பயன்படுத்திய குப்பியையும் உடன் கொடுத்தனுப்புக. இளைஞர் பலர் ஏளனத்திற்கு அஞ்சி நடந்ததை மறைப்பர். கண்டிப்பதற்கு அது நேரமன்று. அவர்கள் தயக்கமின்றி உண்மையைக் கூறுமாறு நடந்துகொள்வதே, இழக்கவிருக்கும் பார்வையைக் காக்கும் முதல் உதவியாகும்.