நாட்குறிப்பு எனும் சான்று

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர், போர்க்காலக் கொடுமைகளைப் பெரும்பாலும் எண்களாகவே அறிகின்றனர். இரண்டாம் உலகப் போரில் நாட்சியர் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றனர் என்பதைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் சிறுவனுக்கு, அவ்வெண்ணின் பொருள் உள்ளத்தில் பதிவதில்லை. இது அவன் குறையன்று. மனித உள்ளத்தின் இயல்பு. பால் சுலோவிக்கு முதலிய உளவியலார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பசியால் வாடும் பல இலட்சம் மக்களைப் பற்றிய புள்ளிவிவரம் படித்தோரினும், ஒரே ஒரு சிறுமியின் பெயரையும் படத்தையும் கண்டோரே மிகுதியாகப் பொருளுதவி செய்தனர். ஒருவரின் ஒருநாள் வாழ்வை நம்முன் வைக்கும் நாட்குறிப்பு, வரலாற்றுக் கல்விக்கு இன்றியமையாததாவது இதனால்தான்.

ஆன் பிராங்கு என்னும் யூதச் சிறுமி தன் நாட்குறிப்பேட்டைப் பெற்ற நாள் 1942 சூன் 12. அவளது பதின்மூன்றாம் பிறந்தநாள். நம் எட்டாம் வகுப்பு மாணவியின் அகவை அது. அடுத்த மாதம் ஆறாம் நாள் அவள் குடும்பம் ஆம்சுடர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்தது. 1944 ஆகத்து 4 அன்று அனைவரும் பிடிபட்டனர். 1945-இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் அவள் இறந்தாள். 1944 மார்ச்சு இறுதியில் இலண்டனிலிருந்து வானொலியில் பேசிய டச்சு அமைச்சர் ஒருவர், மக்கள் தம் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் காத்து வைக்குமாறு வேண்டினார். அதைக் கேட்ட ஆன், தன் குறிப்புகளைத் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். அவள் முதலில் எழுதியதில் பெரும்பகுதியும் பின்னர்த் திருத்தி எழுதியதும் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றை அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், எதைச் சேர்த்தாள், எதை நீக்கினாள் என்று தாமே ஆராயலாம். பின்னாளில் நூலாக வந்த இந்நாட்குறிப்பு போலியெனச் சிலர் பழித்தபோது, நெதர்லாந்து நாட்டுத் தடய அறிவியல் ஆய்வகம் கையெழுத்து, தாள், மை, பசை ஆகியவற்றைச் சோதித்தது. நாட்குறிப்பு உண்மையானதே என்ற முடிவு 1986-இல் ஆய்வுப் பதிப்பில் வெளிவந்தது.

நினைவின் இயல்பு

அன்றன்று எழுதுவதற்கு ஏன் இத்தனை மதிப்பு? 1986 சனவரி 28 அன்று 'சேலஞ்சர்' விண்ணோடம் வெடித்தது. அச்செய்தியைத் தாம் எங்கே, யாரிடம், எவ்வாறு கேட்டோம் என்பதை மாணவர் பலரை மறுநாள் காலையே எழுதச் செய்தார் உளவியலார் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களுள் 44 பேரிடம் அதே வினாக்களைக் கேட்டபோது, நால்வருள் ஒருவர் எல்லாவற்றையுமே தவறாகச் சொன்னார். தவறாகச் சொன்னோர் பலரும் உறுதியோடு சொன்னதே வியப்பு! நினைவு நம்மை ஏமாற்ற நினைப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. வணிகர் அன்றைய வரவுசெலவை அன்றே நாள்வழியில் பதிந்துவிடுவதைப் போல, நாட்குறிப்பும் நிகழ்ச்சியின் சூடு ஆறுமுன் பதியப்படுவது. முடிவு இன்னதென்று அறியாத கையால் எழுதப்படுவது.

நம் வட்டாரத்தின் கதை

நம் ஊராகிய பொன்னமராவதியின் மாணவர்க்கு இக்கல்வி ஆம்சுடர்டாமோடு முடிந்துவிடக் கூடாது. இவ்வட்டாரத்து வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகப் பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்தின. 1941 திசம்பர் 23 அன்று சப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. தொடர்ந்து பல இலட்சம் இந்தியர் தாயகம் நோக்கிப் பெயர்ந்தனர். மலையும் காடும் கடந்து நடந்தோர் பலர் காலராவாலும் பசியாலும் மாண்டனர். அந்த வழிநடையைத் தாமே நடந்து எழுத்தில் வைத்தவர் எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா.

அவரைப்போல் எழுத வாய்ப்பற்றோர் எத்தனை பேர்! 1942-43இல் சப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். அங்கு உழைத்து மடிந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர். அவருள் பலர்க்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ஆத்திரேலிய மருத்துவர் எட்வர்டு டன்லப்பைப் போன்ற கைதிகள் மறைவாக எழுதிய நாட்குறிப்புகளும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே மடிந்தனர். அவர்தம் சரியான எண்ணிக்கைகூட இன்றுவரை உறுதிப்படவில்லை. எழுதியோரை உலகம் அறிந்தது; எழுதாதோர் இருமுறை இழந்தனர்.

வகுப்பில் செய்யத்தக்கது

'நீ ஒரு யூதச் சிறுமி, உன் நாட்குறிப்பை எழுது' என்று பணிப்பது எளிது, ஆனால் ஏற்றதன்று. படாத துன்பத்தைப் பட்டதாக எழுதும்போது மாணவன் கற்பனையைச் சான்றென மயங்குகிறான். துன்புற்றோரின் பாடும் எளிதாக்கப்படுகிறது. வாசிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமும், பாதிக்கப்பட்டோராக நடிக்கச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்குமாறு ஆசிரியர்களுக்கு அறிவுறுத்துகிறது.

அதனினும் நல்ல வழி, மாணவரைப் பதிவாளர் ஆக்குவது. ஏட்டின் பக்கத்தைக் கண்டது, கேட்டது, கருதியது என மூன்றாகப் பகுக்கச் செய்க. "எங்க ஐயா இரங்கூன்லேருந்து நடந்தே வந்தாக, கூட வந்தவுகள்ல பாதிப்பேர் வழியிலேயே போயிட்டாக" என்று ஓர் ஆச்சி சொல்வதாகக் கொள்வோம். இது 'கேட்டது' என்னும் பகுதிக்குரியது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எந்நாளில் சொன்னார் என்பன உடன் எழுதப்படல் வேண்டும். 'பாதிப்பேர்' என்பது எண்ணிக் கண்டதா, துயரின் மிகுதியால் வந்த சொல்லா என்னும் ஐயம் 'கருதியது' என்பதில் அமையும். வீட்டுப் பெட்டகத்தில் அஞ்சல் முத்திரையோடு ஒரு பழங்கடிதம் இருந்தால், அதன் நாளும் ஊரும் 'கண்டது' ஆகும். மூன்றையும் ஒப்பிடும் பயிற்சியே வரலாற்றறிஞரின் முறையும் அறிவியலாரின் முறையும் ஆகும். முதியவர் மனம் கலங்கினால் வினவுவதை நிறுத்தும் பண்பையும் ஆசிரியர் உடன் கற்பித்தல் வேண்டும்.

பொன்னமராவதியை அடுத்த மேலைச்சிவபுரியில் பிறந்த மூதறிஞர் வ.சுப. மாணிக்கனார், இளமையில் இரங்கூனில் வேலைபார்த்தபோது, முதலாளிக்காகப் பொய் சொல்ல மறுத்து ஊர் திரும்பியவர். அவ்வூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மெய்யெழுதும் பயிற்சி புதிதன்று. ஒடுக்குமுறை தன் குற்றத்தை மறைக்க முதலில் அழிப்பது சான்றுகளை. கண்டதைக் கண்டவாறு, அன்றே, நாளிட்டு எழுதப் பழகிய தலைமுறையிடம் அம்மறைப்பு எளிதில் செல்லாது. நடுநிலைப் பள்ளியிலேயே அப்பழக்கத்தை ஊன்றுதல் நம் கடமை.