சுமைதாங்கி

நம் நாட்டுப் பழைய பெருவழிகளின் ஓரத்தே, ஆலமரத்தடியிலேனும் குளக்கரையிலேனும், இரண்டு கற்களை நிறுத்தி அவற்றின்மேல் மற்றொரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். அதற்குச் சுமைதாங்கி என்று பெயர். வண்டிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் அதன் பயன் அற்றுப்போயிற்று. ஆயினும் அதன் அமைப்பைச் சிறிது உற்றுநோக்குவது தகும். தலைச்சுமையோடு தனித்து வழிநடப்பவன், பிறர் கைகொடாமலே தன் சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்து, நீர் அருந்தி இளைப்பாறி, பின்னர்ப் பிறர் கைகொடாமலே மீண்டும் அதனைத் தலையில் ஏற்றிக்கொள்ளுமாறு அதன் உயரம் அளந்து வைக்கப்பட்டிருக்கும். பாரத்தை நிலத்தில் இறக்கிவிட்டானாயின் தனியனாய் அதனைத் தூக்கவொண்ணாது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்டிரின் நினைவாக அவர்தம் உறவினர் இக்கற்களை நாட்டுதல் வழக்கமாயிருந்தது. தன் சுமையை இறக்காமலே மாண்டவள் பொருட்டு, வழியே போவார் சுமை இறக்கும்படி ஓர் இடம்!

பாரத்தை ஆண்டவரிடம் ஒப்புவித்துவிட வேண்டும் என்னும் போதனையை நாம் ஆலயத்திலும் கல்லூரி ஜெபக் கூட்டத்திலும் அடிக்கடி கேட்கின்றோம். ஆயினும் அஃது எவ்வாறு செய்யப்படுவது என்று எவரேனும் கேட்பாராயின் விடை கூறுதல் எளிதன்று. கல்லூரியிற் படிக்கும் இளைஞருக்குப் பாரம் ஏது என்று நகைப்பாரும் உளர். தந்தை பட்ட கடனும், தங்கையின் விவாகமும், தம்பியின் படிப்பும் தன் ஒருவன் தேர்ச்சியின்மேல் நிற்கின்றன என்று அறிந்த மாணவன், விடுதியில் விளக்கணைந்த பின்னும் விழித்துக் கிடப்பதை அவர்கள் அறியார். அத்தகையவனிடம், ‘நீ விசுவாசியாயின் கவலைப்படலாகாது’ என்று சொல்வோமானால், அவன் சுமந்த பாரத்தோடு ‘எனக்கு விசுவாசமும் இல்லை போலும்’ என்னும் மற்றொரு பாரத்தையும் ஏற்றியவர்களாவோம். இப்பிழையை நம்மிற் பலர் நல்லெண்ணத்தோடே செய்கின்றோம்.

தாவீதின் பெயரால் வழங்கும் 55-ஆம் சங்கீதத்தைப் பொறுமையாய் வாசித்தால் இரண்டு காரியங்கள் விளங்கும். முதலாவது, அதனைப் பாடினவன் அமைதியுற்றிருந்தவன் அல்லன். நண்பனால் வஞ்சிக்கப்பட்டு, நெஞ்சம் நடுங்கி, புறாவைப்போற் சிறகு பெற்று எங்கேனும் ஓடிவிடத் தவித்தவன். அத்தவிப்பை மறைக்காமல் வெளியிட்ட பின்னரே, பாரத்தைக் கடவுளிடம் வைக்கும் பேச்சு வருகின்றது. இரண்டாவது, அவ்விடத்துள்ள வாக்குறுதி பாரத்தை இல்லாமற் செய்வதைப்பற்றியதன்று, பாரமுடையவனைத் தாங்குவதைப்பற்றியது. எடுக்கப்படுவது சுமையென்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, அங்கே தாங்கப்படுபவன் சுமக்கிறவனே.

இனி, கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலே பலரை மயங்கவைப்பதோர் இடம் உண்டு. ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கவேண்டும் என்று இரண்டாம் வசனத்திற் கூறிய பவுல், ஐந்தாம் வசனத்தில் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கின்றார். தமிழ் வேதாகமத்தில் இரண்டிடத்தும் ‘பாரம்’ என்னும் ஒரே சொல் இருத்தலின் முரண்போலத் தோன்றுகின்றது. கிரேக்க மூலத்திலோ சொற்கள் வேறு. முன்னையது ‘பாரொஸ்’, அதாவது ஒருவனை அழுத்தி நெரிக்கும் பளு. பின்னையது ‘ஃபோர்தியோன்’, அதாவது வழிப்போக்கன் தனக்கென எடுத்துச் செல்லும் மூட்டை. வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அழைத்த இயேசு பெருமான், மத்தேயு பதினோராம் அதிகாரத்தின் முடிவிலே தம்முடைய சுமை இலகுவானது என்று சொல்லுமிடத்தும் இப்பின்னைய சொல்லே நிற்கின்றது. ஆகவே வெறுந்தலையராய் நடக்கும்படி நாம் அழைக்கப்படவில்லை. பாடத்தைப் படித்தல் மாணவனது மூட்டை. தேர்வின் முடிவால் குடும்பம் முழுதும் வாழ்வதோ வீழ்வதோ என்பதைத் தன் ஒரு தலையில் ஏற்றிக்கொள்ளுதல் அவன் சுமக்கவொண்ணாத பளு. இவ்விரண்டையும் பிரித்தறிவதிலேதான் வருத்தமெல்லாம் இருக்கின்றது.

இதற்கு வில்லியம் கேரி ஐயரின் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன். பிற்காலத்தில், 1818-இல், செராம்பூர்க் கல்லூரியைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர் இவர். 1812-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி மாலையில் செராம்பூரிலுள்ள மிஷன் அச்சுக்கூடம் தீப்பற்றியது. கேரி ஐயர் அன்று கல்கத்தாவில் இருந்தார். வார்ட் ஐயரும் மார்ஷ்மன் ஐயரும் கதவு சன்னல்களை அடைத்து, மணிக்கணக்காக நீர் ஊற்றி நெருப்பை அடக்க முயன்றனர். பயனில்லை, நள்ளிரவுக்குள் கட்டடம் வீழ்ந்தது. பதினான்கு கீழ்நாட்டு மொழிகளுக்கு வார்த்திருந்த எழுத்துக்கள் உருகின. 1,200 ரீம் காகிதம் எரிந்தது. கேரி ஐயர் பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. அவற்றுள் சமஸ்கிருதத்தையும் அதனோடு இயைந்த மொழிகளையும் ஒப்பிட்ட பேரகராதியும், தெலுங்கு இலக்கணமும், பஞ்சாபி இலக்கணத்தின் ஒரு பகுதியும் இருந்தன. நட்டம் ஏறத்தாழப் பதினாயிரம் பவுன் என்று கணக்கிட்டனர். காகிதத்தையும் ஈயத்தையும் பணங்கொண்டு வாங்கலாம். ஐம்பது வயதான ஒருவருக்குக் கழிந்த ஆண்டுகளை எவர் விற்பார்?

மறுநாட் காலையில் மார்ஷ்மன் ஐயர் கல்கத்தாவுக்குச் சென்று செய்தியைச் சொன்னபோது, கேரி ஐயர் திகைத்துச் சிறிது நேரம் பேசமாட்டாதிருந்தார். அடுத்த ஞாயிறன்று அவர் 46-ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். நம்மை எவ்வாறும் நடத்தும் உரிமை கடவுளுக்கு உண்டென்பதும், அதற்கு இணங்குதல் நம் கடமையென்பதும் அப்பிரசங்கத்தின் இரு கூறுகள். அமர்ந்திருப்பதைப்பற்றிப் பிரசங்கித்தவர் அமர்ந்திருக்கவில்லை என்பதே நாம் கவனிக்கத்தக்கது. ஐந்து அச்சு இயந்திரங்கள் தப்பின. எழுத்து வார்க்கும் அச்சுகளும் இடிபாட்டினின்று கிடைத்தன. வார்ட் ஐயர் உருகிய உலோகத்தைச் சாம்பலினின்று பொறுக்கியெடுத்தார். சில நாட்களுக்கு முன்னரே காலியாகியிருந்த ஒரு பண்டசாலை புதிய அச்சுக்கூடமாயிற்று. இரவும் பகலும் எழுத்துக்கள் மீண்டும் வார்க்கப்பட்டன. பண்டிதர்கள் மொழிபெயர்ப்பை மறுபடியும் தொடங்கினர். ஒருமுறை நடந்த வழியை இரண்டாம் முறை நடத்தல் எளிதென்னும் கருத்துப்பட கேரி ஐயர் எழுதினார். செய்தி இங்கிலாந்தை அடைந்தபின் இரண்டு மாதம் ஆகுமுன்னே நட்டத்தொகை முழுதும் அன்பர்களிடமிருந்து சேர்ந்துவிட்டது.

இவ்வளவோடு நிறுத்தினால் கதை இனிதாயிருக்கும்; உண்மை குறைந்துபோம். தீயிலெரிந்த பாரத்தினும் கொடிய பாரமொன்று அவ்வீட்டில் முன்னரே இருந்தது. கேரி ஐயரின் மனைவி டாரதி அம்மாள் இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர். பின்பு, தம் தங்கை உடன்வர இசைந்ததனால், கைக்குழந்தையோடு 1793-இல் கப்பலேறினார். அடுத்த ஆண்டு வங்காளத்தின் உள்நாட்டு ஊராகிய மத்னாபட்டியில் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். அச்சிறு உடலைக் கல்லறைக்குச் சுமந்து செல்ல ஆள் அகப்படவில்லை. தாய் தந்தையரே சுமப்பதென்று துணிந்த வேளையிலேதான் சிலர் முன்வந்தனர். அதன்பின் அவ்வம்மையார் மனநோயுற்று, 1807 டிசம்பரில் இறக்குமட்டும் குணமடையவேயில்லை. பக்கத்து அறையில் அவர் அரற்றிக்கொண்டிருக்க, கேரி ஐயர் மேசைமுன் இருந்து மொழிபெயர்த்தார் என்பதை வாழ்க்கை வரலாறுகள் அவருடைய பொறுமைக்குச் சான்றாகக் கூறுகின்றன. எனக்கோ அதனை வாசிக்குந்தோறும் அம்மையாரின் நினைவே வருகின்றது. ஐயர் தம் பாரத்தைக் கடவுளிடம் வைத்தார், சரி. அம்மையார் தமதை எங்கே இறக்கினார்? அவரே தெரிந்துகொள்ளாத சுமை அது. பிறருடைய பாரத்தைக் காணாமல் நம் பாரத்தைமட்டும் கர்த்தரிடம் கொடுத்துவிட்டோம் என்று ஆறுதலடையக்கூடும் என்பதை அப்பக்கத்து அறை எனக்குச் சொல்லுகின்றது.

இந்த இடத்திலே எண்ணாகமம் 11-ஆம் அதிகாரம் துணைசெய்கின்றது. வனாந்தரத்தில் ஜனங்களின் முறுமுறுப்பைப் பொறாத மோசே, தாம் பெறாத பிள்ளைகளைப் பாலூட்டும் தாதியைப்போல் ஏன் சுமக்கவேண்டுமென்று கடவுளிடம் வழக்காடி, இதனினும் தம்மைக் கொன்றுவிடுவதே தயவு என்றுவரை சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி அவ்வாறு பேசியதற்குக் கடிந்துகொள்ளுதல் அங்கே இல்லை. பொறுமையைக் குறித்த உபதேசமும் இல்லை. மூப்பரில் எழுபது பேரைக் கூட்டும்படி கட்டளை பிறக்கின்றது. அவர் தனியே சுமந்ததை அவரோடு அவர்களும் சுமக்கும்படியாக. மோசே கடவுளிடம் வைத்த பாரம் எழுபது அண்டை வீட்டாரின் தோள்களுக்கு வந்து சேர்ந்தது. விடுதியில் விழித்துக் கிடக்கும் மாணவன் ஜெபித்தபின் எழுந்துபோய் ஆசிரியரிடமோ நண்பனிடமோ தன் நிலையைச் சொல்லுவானாயின், அது விசுவாசக் குறைவு என்று எவரும் எண்ணவேண்டா. அந்த ஆசிரியரும் நண்பனும் எழுபதின்மருள் இருவராதல் கூடும். டாரதி அம்மாளுக்கு ஒருவரேனும் அவ்வாறு வாய்த்திருந்தால் என்று நினையாதிருக்க இயலவில்லை.

தீயில் எரிந்த நூல்களின் செய்தியை முடித்துவிடுகின்றேன். பஞ்சாபி இலக்கணம் அவ்வாண்டிலேயே, 1812-இல், வெளிவந்தது. தெலுங்கு இலக்கணம் மறுபடியும் எழுதப்பட்டு 1814-இல் அச்சேறியது. யாவற்றினும் மிகுந்த உழைப்பு வாங்கிய பேரகராதியோ நிறைவேறவே இல்லை. கேரி ஐயர் அதற்குப்பின் இருபத்திரண்டு ஆண்டு, 1834-ஆம் ஆண்டுவரை, உயிர்வாழ்ந்து உழைத்தார். அந்த ஒரு சுமையைமட்டும் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்.