நிலம் இழந்தும் நிலைத்த இசை

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரச் சாலையில் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது, கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகளைக் காண்பர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கருத்து. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி காட்டுவதாக நத்தத்தனார் அந்நூலைப் பாடினார். பாணனின் கையில் இருந்தது சீறியாழ். அவன் நடந்த கடற்கரை இன்றும் இருக்கிறது. 269 அடிகள் கொண்ட பாட்டும் இருக்கிறது. ஆனால் அந்த யாழின் இசை எங்கே?

விபுலானந்த அடிகள் பழைய நூல்களை ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தம் 'யாழ் நூலில்' யாழின் வகைகளையும் நரம்புகளின் அளவையும் விளக்கினார். அது அரிய தொண்டு. எனினும், ஆசிரியனின் விரலைக் கண்டு மாணவன் விரல் பழகும் தொடர்ச்சி அதற்கு நெடுங்காலம் முன்பே அறுந்துவிட்டது. இசைமரபு ஒன்று வாழ்வதற்கு எது வேண்டும்? நிலமா, அரசா, நூலா? இவ்வினாவுக்கு விடை காண மூர்களின் இசை வரலாறு பெரிதும் துணை செய்யும்.

மூர்கள் என்று ஐரோப்பியர் அழைத்தது, 711ஆம் ஆண்டு முதல் ஸ்பெயின் நாட்டில் ஆட்சி நிறுவிய அராபிய, பெர்பெர் முஸ்லிம்களை. இலங்கைச் சோனகருக்குப் போர்த்துக்கேயர் பிற்காலத்தில் இட்ட பெயரும் இதுவே. ஆயினும் இருவரும் வேறு மக்கள். மூர்கள் தம் நாட்டை அந்தலூசு என்றனர். 822இல் சிர்யாப் என்னும் பெரும் பாடகர் பாக்தாதிலிருந்து கொர்தோவா நகருக்கு வந்தார். ஊது என்னும் நரம்புக் கருவிக்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தவர் அவரே என்பது மரபு.

1492ஆம் ஆண்டில் கிரானடா வீழ்ந்தது, ஆட்சி முடிந்தது. 1609 முதல் 1614 வரை, அவர்தம் வழியினர் இலட்சக்கணக்கில் நாடு கடத்தப்பட்டனர். வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கடல் கடந்தவர்கள் வட ஆப்பிரிக்க நகரங்களில் குடியேறினர். அவர்களுடன் பாட்டும் சென்றது. அவ்விசை மொராக்கோவில் 'ஆலா' என்றும், அல்ஜீரியாவின் திலிம்சானில் 'கர்னாத்தி' என்றும், கான்ஸ்டன்டைனிலும் துனீசியாவிலும் 'மாலூஃப்' என்றும் பெயர் பெற்று இன்றும் வழங்குகிறது. கர்னாத்தி என்றால் கிரானடாவுக்கு உரியது என்று பொருள். இழந்த ஊரின் பெயரையே இசை சுமந்து நிற்கிறது.

இவ்விசையின் பேரமைப்பு 'நூபா' எனப்படும். 'முறை' என்பது அதன் பொருள். ஒரு நூபாவில் உள்ள பாடல்கள் பெரும்பாலும் ஒரே பண்ணைச் சார்ந்தவை. மொராக்கோவில் ஒவ்வொரு நூபாவும் ஐந்து தாளப் பகுதிகளாக நடைபெறும். ஒவ்வொரு பகுதியும் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைவு பெறும். ஊது, ரபாப், வயலின் ஆகியவை உடன் ஒலிக்கும். நம் கச்சேரிகளில் வயலினின் தலை காலை நோக்கிச் சாய்ந்திருக்கும். அங்கே அதனை மடியில் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பர்.

நாளின் மணிகளுக்கேற்ப முன்பு 24 நூபாக்கள் இருந்தன என்பது அவர்கள் மரபு. மொராக்கோவில் இன்று பாடப்படுபவை 11. தெத்துவான் நகரைச் சேர்ந்த அல் ஹாயிக், 1800ஆம் ஆண்டையொட்டிப் பாடல்களைத் தொகுத்து வைத்தார். அத்தொகுப்பில் சொற்கள் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. மெட்டு ஆசிரியரின் நாவிலும் மாணவரின் செவியிலுமே வாழ்ந்தது. எனவே, பயில மாணவரின்றி ஓர் ஆசிரியர் மறைந்தால், அவரறிந்த பாடல்களும் அவரோடு மறையும். இதை உணர்ந்தே 1932இல் கெய்ரோவில் கூடிய அராபிய இசை மாநாட்டில் இசைத்தட்டுகள் பதிவு செய்யப்பட்டன. 1934இல் துனிசு நகரில் ரஷீதிய்யா என்னும் இசைக் கழகமும் தோன்றியது.

நம்மிடமும் இத்தகைய தொடர்ச்சி உண்டு. தேவாரத்தின் சொற்களை ஏடு காத்தது. அதன் பண்ணைக் காத்தவை ஓதுவார்களின் குரல்கள். யாழ் அத்தகைய கைகளை இழந்தது. அதனால் அதன் ஒலியும் அடங்கியது.

மரக்காணத்தில் ஆண்டுதோறும் மழை உப்புப் பாத்திகளைச் சிதைக்கிறது. மழை நின்றதும் தொழிலாளர் சேற்றை மிதித்து, வரப்பைச் செப்பனிட்டு, உவர்நீரைப் பாய்ச்சுகின்றனர். சென்ற ஆண்டின் பாத்தி இவ்வாண்டுக்கு உதவுவதில்லை. இசையும் அத்தகையதே. முன்னோர் பாடினர் என்ற பெருமை மட்டும் அதனைக் காவாது. மாணவர்களே, உங்கள் ஊரில் பழைய பண்ணோ பாட்டோ அறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், அவரிடம் சென்று கேளுங்கள். கேட்டதைப் பாடிப் பழகுங்கள். நிலம் இழந்த மக்கள் தம் இசையைக் காத்தது அவ்வாறுதான்.