சட்டக் கல்லூரி விண்ணப்பம் ரிஜெக்ட் ஆயிடுச்சா? யாரிடம் கேட்பது?

ஆர்.எஸ்.புரத்தில் கடை நடத்தும் 38 வயதுக்காரருக்கு வக்கீலாகணும்னு ஆசை என வைத்துக்கொள்வோம். 2016 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி அன்று அவருக்குச் சீட் கிடைத்திருக்காது. அதன்படி 3 ஆண்டு சட்டப் படிப்புக்கு உச்ச வயது 30 ஆக இருந்தது. 5 ஆண்டு படிப்புக்கு 20 ஆக இருந்தது. பிற்படுத்தப்பட்டோர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குச் சில ஆண்டுகள் தளர்வு இருந்தது. கல்லூரியிடம் எத்தனை முறை கெஞ்சியிருந்தாலும் பலன் இருந்திருக்காது. விதி அவர்கள் கையில் இல்லை. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகே வழி பிறந்தது.

அப்போ என்ன செய்யணும்? முதலில் காரணத்தைப் பாருங்கள்.

பிழையா? மதிப்பெண்ணைத் தப்பாகக் கூட்டியிருந்தால், சாதிச் சான்றிதழைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால், நகல்களோடு உடனே மனு கொடுங்கள். கோவை அரசு சட்டக் கல்லூரி உள்ளிட்ட இணைப்புக் கல்லூரிகளுக்குச் சேர்க்கை நடத்துவது சென்னையிலுள்ள அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். மனு போக வேண்டியதும் அங்கேதான்.

மதிப்பெண் குறைவா? பார் கவுன்சில் விதிப்படி பொதுப்பிரிவுக்கு 45%, ஓ.பி.சி.க்கு 42%, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40% கட்டாயம். குடும்பக் கஷ்டத்தை எழுதினாலும் இது தளராது.

விதியே தப்புன்னு தோணுதா? அரசியல் சாசனப் பிரிவு 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். கோவைக்காரர்கள் போக வேண்டியது மதுரைக் கிளைக்கு அல்ல, சென்னைக்கு. சீட் நிரம்பும் முன் போவது முக்கியம்.