மாலை ஏழு மணி யூனிட்

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி என்று நடத்தி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன். பகல் ஒரு மணிக்குச் செலவாகும் யூனிட்டும் மாலை ஏழு மணி யூனிட்டும் ஒன்றா? மின்கட்டண அட்டையில் ஒன்றுதான். மின்கம்பியைக் கேட்டால் இல்லை என்னும்.

இதை விளக்க நம் மாவட்டமே போதும். கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் உச்சிவெயிலில் அள்ளிக் கொடுக்கும். பொழுது சாய்ந்தால் ஓய்ந்துவிடும். இராமேஸ்வரத்தில் விடுதி, கடை, வீடு எல்லாவற்றிலும் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்குவது அப்போதுதான். தெருமுனையிலுள்ள 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஏறக்குறைய 90 கிலோவாட் தாங்கும். ஒன்றரைக் கிலோவாட் ஏசி எத்தனை ஓடலாம்? மாணவர்களே வகுத்துப் பார்த்து அறுபது என்பார்கள்.

பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். ஆனால் தினமும் மூன்று, நான்கு மணி நேர நெரிசலுக்காக அத்தனை செலவா? இன்னொரு வழி, யாரால் காத்திருக்க முடியும் என்று கேட்பது. ஐஸ் கம்பெனி காத்திருக்கும்: நண்பகலில் உறைந்த ஐஸ் கட்டி மாலைவரை கரையாமல் இருக்கும். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் காத்திருக்கும். படிக்கிற பிள்ளையின் விளக்கு காத்திருக்காது.

பிரிட்டனில் இதற்குச் சந்தையே இருக்கிறது. எந்தப் பகுதியில், எந்த நேரத்தில், எத்தனை கிலோவாட் குறைய வேண்டும் என்று விநியோக நிறுவனம் அறிவிக்கும். குறைக்க முன்வருவோர் விலை சொல்வார்கள். ஏற்கப்பட்டவர்களுக்குப் பணம் கிடைக்கும்.

இந்தியாவில் 2023-இல் வந்த மத்திய விதி நேரத்துக்கேற்ற கட்டணத்தைச் சொல்கிறது: சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். விவசாயத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் எந்தத் தெரு டிரான்ஸ்பார்மர் சூடாகிறது என்பது இந்தக் கட்டணத்துக்குத் தெரியாது. உள்ளூர்ச் சந்தைக்குத் தெரியும். வித்தியாசம் அதுதான்.

எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி மட்டும் உள்ள வீட்டில் தள்ளிப்போட எதுவுமில்லை. கூடுதல் கட்டணம் மட்டும் வந்து சேரும். அடுத்தது நம் கடற்கரைக்கே உரியது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஏசிகள் அதிகம் ஓடும் அந்தக் கோடையில் படகுகள் கரையில் நிற்கும். ஐஸ் கம்பெனிகளிலும் வேலை சுருங்கும். அப்போது விட்டுக்கொடுக்க யாரிடம் என்ன இருக்கும்? இதைப் பாம்பன், மண்டபம் பள்ளிகளின் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வீட்டிலேயே விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.